கை கூசாம வீசணும்

போன ஞாயித்துக்கிழமை உளுந்து விதைச்சேன். வானத்துல ஒரு பொட்டு மேகம் கிடையாது. காட்டுக்குள்ள நடந்தா கணுக்கால் வரைக்கும் புழுதி. இதுக்கு எங்க பக்கம் புழுதி விதைப்புன்னு பேரு.

டவுன்ல இருந்து படிக்கிறவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லிடறேன். நான் இருக்கிறது கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காடு. ஆத்துப் பாசனம், வாய்க்கால் எல்லாம் எங்களுக்குப் பாடப்புத்தகத்துல படிச்ச விஷயம். கிணறு இருக்கிறவங்க கொஞ்சப் பேர், அந்தக் கிணத்துல தண்ணி இருக்கிறவங்க அதுலயும் கொஞ்சப் பேர். மத்தது எல்லாம் மானாவாரி. ஐப்பசியும் கார்த்திகையும் குடுக்கிறதுதான் வருஷத்துக்கான சோறு. வடகிழக்குப் பருவமழை வழக்கமா அக்டோபர் 20-ஐ ஒட்டி ஆரம்பிக்கும். நாங்க அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே, புரட்டாசியில, காய்ஞ்ச மண்ணுல விதையைப் போட்டுட்டு மேல பார்த்துக்கிட்டு இருப்போம்.

விதைச்சுக்கிட்டு இருக்கும்போதுதான் வரப்புல வந்து நின்னான் என் பள்ளிக்கூடத்துச் சேக்காளி. சென்னையில கம்ப்யூட்டர் வேலை. ஒரு கல்யாணத்துக்காக ரெண்டு நாள் ஊருக்கு வந்திருந்தான். கூடவே அவங்க அப்பாவும் வந்திருந்தார். நான் மாமான்னு கூப்பிடுவேன். வயசு எழுபத்தெட்டு.

"என்ன மாப்ள, மழை பெய்ஞ்ச பிறகு விதைக்கக் கூடாதா? மழை வராட்டி விதை எல்லாம் போச்சே. இது ரிஸ்க் இல்லையா?"

"ரிஸ்க்தான்."

"பிறகு எதுக்குப் பண்ற?"

இந்தக் கேள்வியை என்கிட்ட இவன் மட்டும் கேக்கலை. டவுன்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க, போன்ல பேசுற சேக்காளிங்க, எல்லாரும் ஏதோ ஒரு ரூபத்துல இதையேதான் கேக்கிறாங்க. "எல்லாம் நிச்சயமாத் தெரிஞ்ச பிறகு இறங்கலாமே?" கேக்கும்போது அவங்க முகத்துல ஒரு புத்திசாலிக் களை இருக்கும். எனக்கு எரிச்சலா வரும். அந்த எரிச்சலுக்குக் காரணம் என்னன்னு இன்னைக்கு எழுதிடறேன்.

முதல்ல, மழை பெய்ஞ்ச பிறகு விதைச்சா என்ன ஆகும்? நான் செஞ்சு பார்த்திருக்கேன். சில வருஷத்துக்கு முன்னாடி, டி.வி.யில வானிலைக்காரர் சொன்னதை எல்லாம் குறிச்சு வச்சுக்கிட்டு, "நல்ல மழை ஒண்ணு விழட்டும், ஈரத்தைப் பார்த்து விதைக்கலாம்"னு உக்காந்திருந்தேன். மழை விழுந்துச்சு, நல்ல மழைதான். கரிசல் மண்ணைப் பத்தித் தெரிஞ்சவங்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும்னு தெரியும். நனைஞ்ச கரிசல்ல மாடும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. பசை மாதிரிப் பிடிச்சுக்கிடும். ரெண்டு மூணு நாள் காயவிட்டு, சரியான பதம் வந்ததும், அந்தப் பதம் போறதுக்குள்ள விதைக்கணும். அந்த ரெண்டு நாள்ல ஊருக்கே டிராக்டர் வேணும். இருந்தது நாலு வண்டி. டிரைவர் தம்பி "அண்ணே, உங்க முறை வியாழக்கிழமை"ன்னான். புதன்கிழமை ராத்திரி அடுத்த மழை. அதுக்கு மேல பத்து நாள் காட்டுக்குள்ள கால் வைக்க முடியலை. நான் விதைச்சது ஐப்பசிக் கடைசி. பூக்கிற நேரத்துல மண்ணுல ஈரம் இல்லை. ஏக்கருக்கு மூணு குவிண்டால் எடுக்கிற காட்டுல ஒரு குவிண்டாலுக்கும் குறைவா எடுத்தேன். எனக்கு மேற்கே இருக்கிற சித்தப்பா புழுதியில விதைச்சவர். அவருக்கு முதல் மழையிலேயே முளைச்சு, ரெண்டாவது மழை வரும்போது ரெண்டு இலை விட்டு நின்னுது.

நான் எதையும் தப்பாச் செய்யலை. எல்லாத்தையும் நிச்சயப்படுத்திக்கிட்டுத்தான் இறங்கினேன். ஆனா, மழை நிச்சயமாத் தெரிஞ்ச அன்னைக்கே என் காட்டோட கதவு சாத்தியாச்சு. டவுன்காரங்களுக்கு நான் சொல்ல வர்றது இதுதான். காத்திருக்கிறதுக்குச் செலவே இல்லைன்னு நினைக்கிறீங்க. விதை போனா நஷ்டம்னு கண்ணுக்குத் தெரியுது, பருவம் போனா அது கண்ணுக்குத் தெரியிறதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ரெண்டும் நஷ்டம்தான். கணக்குப் போட்டா ரெண்டாவதுதான் பெருசு. உளுந்து விதை ஏக்கருக்கு எட்டுக் கிலோ. அது போனா ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். பருவம் போனா ஒரு வருஷம்.

"உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்குக்கூட மிஞ்சாது"ன்னு ஒரு பழமொழியை எல்லாரும் எங்ககிட்டயே சொல்லுவாங்க. சம்சாரி கணக்கே பார்க்காத வெகுளி மாதிரி. அய்யா, நாங்க பார்க்கிற கணக்கு உங்களுக்குத் தெரியலை. புழுதி விதைப்புன்னா கண்ணை மூடிக்கிட்டு விதையை இறைக்கிறது இல்லை. மேலோட்டமா விதைச்சா ஒரு சின்னத் தூறலுக்கே முளைச்சு, அடுத்த மழை வராமக் கருகிரும். அதனால ரெண்டு அங்குலம் ஆழத்துக்குப் போகணும். நல்ல மழை விழுந்து, ஈரம் அவ்வளவு ஆழத்துக்கு இறங்கினாத்தான் முளைக்கும். சோள விதையா இருந்தா 2 சதவீதம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசல்ல ஊற வச்சு, நிழல்ல பழையபடி காய வச்சு விதைச்சா வறட்சியைக் கொஞ்சம் தாங்கும். இதுக்கு விதையைக் கடினப்படுத்துறதுன்னு பேரு. மழைக்கு முன்னாடியே விதைக்கிற முறையைக் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையமும் சிபாரிசு பண்ணுது. அந்த நிலையம் 1901-ல ஆரம்பிச்சது. எங்க தாத்தன் பூட்டன் அதுக்கு முன்னாடியே இதைச் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. இதையெல்லாம் மீறி எறும்பு இழுத்துட்டுப் போகும், மயில் கிளறும், தூறல் ஏமாத்தும். அதுக்குத்தான் வாங்குற விதையில ஒரு பங்கை மூட்டையிலேயே வச்சிருப்போம், மறு விதைப்புக்கு. ராபி பருவத்துக்கு உண்டான பயிர்க் காப்பீடும் கட்டுவோம், நம்ம பங்கு 1.5 சதவீதம்தானே. கட்டிட்டு அதை மறந்துருவோம். இதுக்குப் பேரு முட்டாள்தனமா? எவ்வளவு போனாத் தாங்கலாம்னு முதல்லயே பார்த்துட்டு, அதுக்குப் பிறகு தயங்காம இறங்குறது இது.

இதைக் கேட்டதும் இன்னொரு கூட்டம் கை தட்டும். "அதேதான் சார்! ரிஸ்க் எடுக்கணும்! எல்லாத்தையும் விட்டுட்டு இறங்கணும்!" செல்போனைத் திறந்தா இவங்க வீடியோதான். அஞ்சு நிமிஷம் பேசி முடிக்கிறதுக்குள்ள நம்மளை வேலையை விடச் சொல்லிருவாங்க. அந்தப் பேச்சைக் கேட்டு, இருந்த வீட்டை வித்து, எங்க பக்கத்துல பத்து ஏக்கர் வாங்கி, வேலி போட்டு, ரெண்டே வருஷத்துல வித்துட்டுப் போனவங்களை நான் பார்த்திருக்கேன். அவங்களைக் கேலி பண்ண எனக்கு மனசு வராது. பாவம், ஏமாத்தப்பட்டவங்க. ஆனா அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தவங்க மேல கோபம் உண்டு.

முழு மனசு வேற, மொத்தச் சொத்து வேற. இதை நான் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன். 2018-ல, போன வருஷ விலையைப் பார்த்து, இருந்த நாலு ஏக்கர்லயும் மக்காச்சோளமே போட்டேன். அந்த வருஷம்தான் அமெரிக்கன் படைப்புழு நம்ம நாட்டுக்குள்ள வந்துச்சு. குருத்துக்குள்ள உக்காந்து தின்னு முடிச்சுது. மருந்துக்கடைக்காரருக்கே அப்போ அது என்ன புழுன்னு தெரியாது. அந்த வருஷக் கடனை அடைக்க மூணு வருஷம் ஆச்சு. அன்னையில இருந்து உளுந்து ஒரு பக்கம், பாசிப்பயறு ஒரு பக்கம், கொஞ்சம் வெள்ளைச்சோளம், ஓரத்துல ஆமணக்கு, வீட்டுல நாலு ஆடு. ஆனா இதுல எதையும் அரைமனசாச் செய்யிறதில்லை.

ஏன்னா எல்லாத்தையும் விட மோசமானது அந்த அரைமனசுதான். "எப்படியும் மழை வருமோ வராதோ"ன்னு போன வருஷப் பழைய விதையைப் போடுறது, ஒரு உழவைக் குறைக்கிறது, விதையை எட்டுக் கிலோவுக்குப் பதிலா அஞ்சு கிலோவாக் குறைக்கிறது. மழை வரலைன்னா அவனுக்கும் நஷ்டம். மழை வந்தா அவன் காட்டுல மட்டும் பயிர் அங்கொண்ணும் இங்கொண்ணுமா நிக்கும், இடையில எல்லாம் களை. முழு மனசா இறங்கினவன் படுற பயம் எல்லாம் இவனும் பட்டிருப்பான். லாபத்துல மட்டும் இவனுக்குப் பங்கு இருக்காது.

உங்க பயம் பொய்யுன்னு நான் சொல்லலை. வீட்டுக் கடன் இருக்கு, பிள்ளைங்க பள்ளிக்கூட ஃபீஸ் இருக்கு, மாசம் முதல் தேதி சம்பளம் விழலைன்னா என்ன ஆகும்கிற நடுக்கம் இருக்கு. எங்க நடுக்கத்தை விட அது சின்னதுன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை. வேலையை விடுங்கன்னும் நான் சொல்லப் போறதில்லை. ஆனா நீங்க தினமும் தள்ளிப் போடுறது வேலையை விடுற மாதிரிப் பெரிய காரியமா? நல்லா யோசிச்சுப் பாருங்க. மக "நீச்சல் கத்துக்கலாம்பா"ன்னு கூப்பிட்டிருப்பா. ஆபீஸ்ல உங்களுக்குத் தெரியாத ஒரு வேலையை "யாராவது எடுத்துக்கிறீங்களா?"ன்னு கேட்டிருப்பாங்க. எதிர் வீட்டுக்காரரு ரெண்டு வருஷமாச் சிரிக்கிறாரு, இன்னும் பேரு கேக்கலை. கேட்டா என்ன நினைப்பாரோ? தண்ணியில இறங்கினா பார்க்கிறவங்க சிரிப்பாங்களோ? வேலையை எடுத்துத் தப்பாப் போயிட்டா? இதுல போறது என்ன? எட்டுக் கிலோ விதை கூடப் போகாது. ஆனா அதைத் தராசுல வைக்கும்போது, சொத்து முழுக்கப் போற மாதிரி வச்சு நிறுக்கிறீங்க.

சரி, முழு மனசா இறங்கி அத்தனையும் போனா? போகும். எனக்கே போயிருக்கு. 2023 டிசம்பர் 17, 18 ரெண்டு நாளும் எங்க மாவட்டத்துல பெய்ஞ்ச மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல. எங்க மாவட்டத்துக்கு வருஷம் முழுக்கவே அவ்வளவு மழை கிடையாது. என் உளுந்து காய் பிடிச்சு நின்ன நேரம். செடி நின்ன இடத்துல குளம் நின்னுது. தண்ணி வடிஞ்ச பிறகு போய்ப் பார்த்தா, காயெல்லாம் செடியிலேயே முளை விட்டிருந்துச்சு. வரப்புல உக்காந்து அழுதேன். இதை மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை.

அதே வெள்ளத்துல எங்களுக்குத் தெற்கே ஸ்ரீவைகுண்டத்துல என்ன நடந்துச்சுன்னு நினைச்சுப் பாருங்க. திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் அந்த ஸ்டேஷன்லயே மாட்டிக்கிடுச்சு. சுத்தியும் தண்ணி. உள்ளே நூத்துக்கணக்கான ஜனங்க. பக்கத்துல இருக்கிற புதுக்குடி ஊர்க்காரங்கதான் அவங்களுக்குச் சமைச்சுப் போட்டாங்க. அந்த ஊரைச் சுத்தியும் அதே வெள்ளம்தான். ரோடு எப்போ திறக்கும், கடைக்கு அரிசி எப்போ வரும்னு அவங்களுக்கு என்ன தெரியும்? "எல்லாம் நிச்சயமாத் தெரியட்டும், பிறகு உலை வைக்கலாம்"னு அவங்க உக்காந்திருந்தா அந்த ரயில்ல இருந்த பச்சப்பிள்ளைங்க கதி என்ன? அந்த நேரத்துல கையில இருந்தது அரிசி, எதிர்ல இருந்தது பசி. அவ்வளவுதான் அவங்களுக்குத் தேவைப்பட்ட தகவல். துணிச்சல்னா நான் அதைத்தான் சொல்லுவேன். வீடியோவுல பேசுறவர் சொல்றதை இல்லை.

போன ஞாயித்துக்கிழமைக்கே திரும்ப வர்றேன். சேக்காளி வீட்டு நிலம் பதினோரு வருஷமாத் தரிசு. முழுக்க வேலிக்கருவை. "அடுத்த வருஷம் வெட்டிச் சுத்தம் பண்ணணும் மாப்ள"ன்னு அவனும் பதினோரு வருஷமாச் சொல்லிக்கிட்டு இருக்கான். அதுல ரோட்டோரம் அரை ஏக்கரை மட்டும் மாமா போன மாசம் ஆள் விட்டு வெட்டி, உழுது போட்டிருந்தார், பென்ஷன் காசுல. மகன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. என் காட்டை முடிச்ச டிராக்டர் ஒரு மணி நேரம் சும்மா நிக்கப் போகுது. என்கிட்ட அஞ்சு கிலோ விதை கூடுதலா இருக்கு. அவனுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் ராத்திரிதான்.

"வா, உங்க அரை ஏக்கரையும் போட்டுருவோம்"னேன்.

"யாருடா பார்க்கிறது? களை யாரு எடுக்கிறது? அடுத்த தடவை நல்லாப் பிளான் பண்ணிட்டு வர்றேன்."

மாமா எதுவும் பேசலை. என் கையில இருந்த விதைப்பெட்டியை வாங்கிக்கிட்டு, செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு நடக்க ஆரம்பிச்சுட்டார். எழுபத்தெட்டு வயசு, முட்டிவலி வேற. பத்தடி போறதுக்குள்ள இவன் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கிட்டான்.

விதைச்சான். ஆனா பார்க்கச் சகிக்கலை. ஒரு பிடி அள்ளுவான், வீணாப் போயிருமோன்னு கையை இறுக்கிக்கிட்டு விடுவான். விதை ஒரே இடத்துல கொத்தா விழும், அடுத்த நாலடி வெறும் புழுதி. மாமா வரப்புல இருந்து கத்தினார்: "ஏலே, கை கூசாம வீசுலே! விரலைத் திறந்து விடு! விதையைப் பிடிச்சு வச்சுக்கிட்டு விதைக்க முடியுமாலே?"

நாலாவது சாலுக்குக் கை வந்துருச்சு. தோளில இருந்து வீசினான். விதை விசிறி மாதிரி விரிஞ்சு விழுந்துச்சு. பின்னாலேயே டிராக்டர் ஒன்பது கொழுக் கலப்பையால ஓட்டி மூடிக்கிட்டு வந்துச்சு. நடக்க நடக்க மாமா சொல்லிக்கிட்டே வந்தார்: இந்த மூலையில தண்ணி தேங்கும், இங்க சுண்ணாம்புக்கல்லு இருக்கு, எங்க அய்யா காலத்துல எல்லைக்கல்லு அந்த மஞ்சணத்தி மரத்துக்கு இந்தப் பக்கம் இருந்துச்சு. அந்த எல்லைக்கல் விஷயம் எந்தப் பத்திரத்துலயும் இல்லை. மாமாவுக்கு மட்டும்தான் தெரியும். பதினோரு வருஷத்துல எத்தனையோ தடவை ஊருக்கு வந்தவன், இதை அன்னைக்குத்தான் கேட்டான்.

ராத்திரி ரயிலேறிப் போயிட்டான். முன்னாடி எல்லாம் மாசத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவான். இப்போ தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவங்க அப்பாவுக்குப் போன்: "மழை விழுந்துச்சாப்பா?"

விழலை. இதை எழுதுற இந்த நிமிஷம் வரைக்கும் விழலை. நேத்துச் சாயங்காலம் கிழக்கே கொஞ்சம் இருட்டிக்கிட்டு வந்துச்சு, காத்து தள்ளிக்கிட்டுப் போயிருச்சு. அந்த அரை ஏக்கர் முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம். முளைச்சுட்டா என் பேச்சு சரி, முளைக்கலைன்னா தப்புன்னு கணக்கு வைக்காதீங்க. விதைச்ச அன்னைக்கு அவன் செஞ்சது சரிதான். மழை இனிமே என்ன செஞ்சாலும் அது மாறாது.

மறு விதைப்புக்கு மூட்டையில இன்னும் கொஞ்சம் விதை வச்சிருக்கேன். மாமா காலையில எந்திரிச்சதும் அந்த வரப்புல போய் நின்னு பார்த்துட்டுத்தான் காப்பியே குடிக்கிறாராம்.

மழை வந்தா எழுதுறேன். வராட்டியும் எழுதுறேன்.